தேய்ந்த விரல்கள்
இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவள். ஊழியர்களின் குற்றப் பின்னணியைப் புதிதாக அலசியபோது, அதே பெயரும் பிறந்த தேதியும் கொண்ட எவளோ ஒரு நகைத் திருடியின் வழக்கு இவள் தலையில் வந்து விடிந்தது. வேலை போனது. அந்தத் திருடி தானில்லை என்று நிரூபிக்க ஸ்டேஷனுக்குப் போனாள்.

"கைரேகை வச்சா ரெண்டு நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும்மா," என்று போலீஸ்காரர் வயிற்றில் பாலை வார்த்தார்.

பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். இயந்திரம் மசியவில்லை. பாழாய்ப்போன பினாயிலும் ஆசிடும் ரேகையை எப்போதோ தின்று தீர்த்திருந்தன.

போலீஸ்காரரின் பார்வை மாறியது. 'ரேகை பதியவில்லை' என்று எழுதிக்கொண்டார். "ரேகையை அழிச்சுக்கிறவங்க யாரு தெரியுமா? திருடங்க."

"தரை தொடைக்கிறவங்களுக்கும் அழியும் சார்," என்று கதறினாள்.

அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.