ரோஸ்லின் சிஸ்டர் தன்மேல் போட்டுக்கொண்ட தவறு

ரோஸ்லின் சிஸ்டர் இறந்த செய்தியை அவருடைய மகன்தான் பீர்மேட்டிலிருந்து போனில் சொன்னார். "அம்மா போயிட்டாங்க டாக்டர். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு." அந்த 'முதல்ல' என்ற சொல்லுக்கு நான் தகுதியில்லாதவன். வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவரோடு பதினைந்து ஆண்டுகள் வேலை செய்த பல் மருத்துவன் என்பதால் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னீர்கள். அவரைப் பற்றி நல்லது சொல்ல உங்கள் எல்லோராலும் முடியும். நான் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

உதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு பிறந்து, தையல் போடப்பட்ட பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகத் தேடிப்போவார் சிஸ்டர். ஒருமுறை ஜீப்பை நிறுத்தி இறங்கி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு தாயிடம் சரிவில் ஏறிப்போய்ச் சொன்னார்: "தச்சது ஒருநாள் வேலைம்மா. எலும்பு வளர பதினேழு, பதினெட்டு வருசமாகும். அதுவரைக்கும் வருசா வருசம் காட்டணும்." பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்தித்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் முகம் ஏமாற்றிவிடுமாம்.

அப்படித்தான் என் அறையில் எட்டு வயது அபிநயாவைப் பார்த்தார். அவள் தாய் செல்வி வெளியே பெஞ்சில் இருந்தாள். "டாக்டர், கடிச்சா மேல்பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்ள போகுது. மேல்தாடை பின்தங்குது. இப்பவே கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்" என்றார் சிஸ்டர்.

அண்ணத்துத் தழும்பு மேல்தாடையை வளரவிடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்பது நான் படித்த பாடம். ஆனால் அதை ஒரு நர்ஸ் எனக்குச் சொல்வதா? "இங்க டாக்டர் யாரு சிஸ்டர், நானா நீங்களா? பல்லு முளைச்சா தானா சரியாயிடும். அனுப்ப வேண்டாம்" என்றேன். அவர் பிள்ளையை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்.

பதின்மூன்று வயதில் அபிநயா திரும்பி வந்தாள். நடுமுகம் உள்வாங்கி, கீழ்த்தாடை முன்னே நின்றது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். எட்டு வயதில் கோட்டயத்துக்கு அனுப்பியிருந்தால் முகத்தில் மாட்டும் கருவியால் மேல்தாடையை முன்னே இழுக்கப் பார்த்திருக்கலாம். இப்போது அனுப்பியபோது, இனி வளர்ச்சி நிற்கும்வரை காத்திருந்து எலும்பை வெட்டி நகர்த்தவேண்டும் என்று கோட்டயத்தில் சொல்லிவிட்டார்கள்.

"அன்னைக்கே எங்கள ஏன் அனுப்பல டாக்டர்?" என்று கோட்டயத்திலிருந்து திரும்பிவந்த செல்வி கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் சிஸ்டர் சொன்னார்: "டாக்டர் அனுப்பத்தான் சொன்னாரு செல்வி. நான்தான் உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் திரும்பி நின்று கை கழுவினேன்.

அதன்பின் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. அபிநயாவைக் கோட்டயத்துக்குக் கூட்டிப்போகும் நாட்களில் மட்டும் லீவு கேட்பார்.

சிஸ்டரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் செல்வியும் அபிநயாவும் நின்றிருந்தார்கள். சென்ற ஆண்டுதான் அபிநயாவுக்குத் தாடை அறுவை முடிந்திருந்தது. செல்வியைத் தனியே அழைத்தேன். "சிஸ்டர் மறக்கல. அனுப்ப வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"தெரியும் டாக்டர். அன்னைக்குக் கதவு திறந்துதான இருந்துச்சு."

"அப்புறம் சிஸ்டர் பழிய ஏத்துக்கிட்டப்ப நீ ஏன் எதுவும் கேக்கல?"

"மேல கேட்டா நீங்க கோவப்படுவீக. பிள்ளைக்கு நீங்கதான பல்லு பாக்கணும்? அதுக்குத்தான் சிஸ்டரு அப்படிச் சொன்னாக."

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். அவர் காப்பாற்றியது என்னிடமிருந்து அந்தப் பிள்ளையை.

சிஸ்டருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான். அதை இனியும் அவர் பெயரில் விட்டுவைக்க முடியாது. அபிநயாவை அனுப்பாதவன் நான்.