இரண்டு கல்லூரி, ஒரே உருண்டை

நானோ தொழில்நுட்பம் என்று எழுதிக் கேட்டால் டெல்லி காசு கொடுத்த காலம் அது. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மூலக்குளம் பக்கத்துக் கல்லூரிக்கும் மத்திய அரசின் திட்டத்தில் ஒரு நுண்ணோக்கி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: வாரத்தில் ஒரு நாள் மற்ற கல்லூரிக்காரர்களும் அதைப் பயன்படுத்தலாம்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் முதலியார்பேட்டையிலிருந்து ஒரு விரிவுரையாளர், டிபன் பாக்ஸில் தன் கண்ணாடித் தகடுகளை அடுக்கிக்கொண்டு வருவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். என்னவோ எங்கள் வீட்டு எந்திரம் மாதிரி!

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் என் கைங்கரியம். ஒரு பிடி கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்று காட்டினேன். பக்கத்துத் தட்டில் என் தகடுகளும் அவருடையவையும் மூடாமல் கிடந்தன.

லீவு முடிந்து பார்த்தால், என் வெள்ளிப் படலத்தின் மேல் சின்னச் சின்ன உருண்டைகள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இது போதும்மா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் காசு கேட்டுடலாம்" என்றார் என் பேராசிரியை. என் உதவித்தொகையும் பட்டமும் அந்த நீட்டிப்பை நம்பித்தான் இருந்தன. படத்தை டெல்லிக்கு அனுப்பினோம். அந்த வியாழன் விரிவுரையாளர் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில் கிளம்பிவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வந்து எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. தலைவர் டெல்லியிலேயே தங்கிவிட்ட தமிழர். இரண்டு படங்களை அருகருகே வைத்தார். ஒன்று என்னுடையது, மற்றது விரிவுரையாளருடையது.

"இவங்களது வெள்ளி, உங்களது துத்தநாகம். ரெண்டுலயும் எப்படி ஒரே உருண்டை?"

விரிவுரையாளரும் என்னிடம் மூச்சு விடாமல் தன் படத்தை டெல்லிக்கு அனுப்பியிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொங்கியது. நான் மட்டும் அவரிடம் சொன்னேனா என்பதும் உடனே உறைத்தது. அப்புறம்தான் அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"சார், அது கற்பூரக் கரி. ஆயுத பூஜைக்கு நான்தான் கொளுத்துனேன். தட்ட மூட மறந்துட்டேன்."

பேராசிரியை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அதுவும் நானோதாம்மா. ஆனா அதுக்கு நாங்க காசு குடுக்கலயே!"

"எனக்கு ஒரு பிடி பொரியாவது குடுத்திருக்கலாம்" என்றார் விரிவுரையாளர் பரிதாபமாக.

உண்மையைச் சொன்னதற்காகவோ என்னவோ, நீட்டிப்பு கிடைத்தது. கடிதத்தின் கடைசி வரியில் புதிதாக ஒரு நிபந்தனை: ஆய்வகத்துக்குள் எதையும் கொளுத்தக் கூடாது.

அடுத்த ஆயுத பூஜையை வராந்தாவில் வைத்தோம். விரிவுரையாளரை நானே போன் செய்து கூப்பிட்டேன். அன்று வியாழக்கிழமைகூட இல்லை. வழக்கம்போல டிபன் பாக்ஸோடு வந்தார். திறந்து காட்டினார், காலியாக இருந்தது. மூடி மூடாத அளவுக்குப் பொரியை அள்ளிப் போட்டேன்.