பச்சைப் பெயின்ட் அடித்த கதவு

எங்கள் சித்தூர் ஜில்லாப் பக்கம் ஆந்திராவோடு இருக்குமா, சென்னையோடு சேருமா என்று ஆண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தலைப்பிரசவத்துக்காகப் புத்தூர் பக்கத்தில் என் தாய் வீட்டுக்கு வந்திருந்தேன்.

அன்று ஆயுத பூஜை. மாங்காய் வியாபாரத்துக்காக நைனா ஒரு பழைய கார் வைத்திருந்தார். கார் கொட்டகையின் இரட்டைக் கதவுக்கு முதல் நாள்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது காய்வதற்குள், காருக்கு மாலை போட்டு, கடப்பாரை, சுத்தி, கோடாலி எல்லாவற்றையும் அதன் முன்னால் வைத்துப் படைத்து, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் மறுபூஜை வரை எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. ஊரெல்லாம் அதுதான் வழக்கம்.

மத்தியானம் நல்ல மழை. அது விட்டதும் எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி பார்த்தாள், முகமே மாறிவிட்டது. "கை முன்னால வருது. என்னால ஆவாது, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றாள்.

என்னைக் கட்டிலோடு தூக்கிவந்து கொட்டகை முன்னால் இறக்கினார்கள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. பெயின்ட் இரண்டு கதவையும் ஒட்டிவிட்டது, மழையில் மரம் வேறு ஊறிப் பருத்திருந்தது. அண்ணன் இழுத்த இழுப்பில் வளையம் கையோடு வந்துவிட்டது. இனி நெம்பித்தான் திறக்க வேண்டும், எங்கள் கடப்பாரையோ உள்ளே இருந்தது. அண்ணன் வீடு வீடாக ஓடினான்.

"சாமிகிட்ட கீதுப்பா, எப்படி எடுக்கறது?" என்று எல்லோரும் தயங்கினார்கள். கூடி நின்றவர்கள் இடுக்கில் எண்ணெய் ஊற்று, தோளால் இடி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காரும் பூஜையில் இருந்ததுதான். அதை மட்டும் எடுப்பது தப்பில்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆத்திரத்தில் அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வலியில் பிதற்றுகிறாள் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் திட்டவும் தெம்பில்லை. அந்தப் பச்சைக் கதவைப் பார்த்தபடியே செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

கடைசியில் தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள். கையில் குங்குமம் வைத்த கடப்பாரை. புருஷன் கத்திக்கொண்டே பின்னால் வந்தான்.

"சாமி கண்ணக் குத்துனா என் கண்ணக் குத்தட்டும். நீ சும்மா இரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, கடப்பாரையை அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் நெம்பினான், கதவு பிளந்துகொண்டு திறந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்று தயங்கி நின்றவர்கள் எல்லோரும் துக்கம் கேட்க வந்தார்கள். சிலர் என்னைவிட அதிகமாக அழுதார்கள். நல்ல மனிதர்கள்தான். கெட்டவர்களாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.