சேறு படித்தவனுக்கு மாரியம்மன் காட்டிய ஊர்

பாரிசில் முனைவர் பட்டம் வாங்கிய நான், சைகோனில் பென் தான் சந்தை அருகே மாமாவின் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் படித்தது மண் பொறியியல். மெக்கோங் கரைக் களிமண்ணில் கட்டடம் ஏன் புதைகிறது என்பது என் ஆய்வு. அப்பா இறந்ததால் சைகோன் திரும்பினேன். அதோடு சரி. பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு ஓர் இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அங்கேயே செத்தது. விலகி இருந்தவனை இந்தத் துறையில் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாரிசுக்கு எழுதினேன். லியோனுக்கு, கிரெனோபிளுக்கு எழுதினேன். பதில் வராது. வந்தால் வருத்தம் தெரிவித்து வரும். என் பேராசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. கடைக்கு வருகிறவர்கள், டாக்டர் என்பதைப் பிரெஞ்சில் இழுத்து, "என்ன தொக்தேர், சாயம் போகாதே?" என்பார்கள். சிரிப்பார்கள். செத்துப்போகலாம் என்றிருக்கும்.

ஓர் ஆடி வெள்ளியன்று, கடைசியாக நம்பியிருந்த ஆய்வுக்கூடமும் கைவிரித்தது. அம்மா என்னை த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கருவறையின் பின்சுவரில் நெற்றியை வைத்து, குறையைக் கல்லிடம் முணுமுணுப்பார்கள். வியட்நாமியப் பெண்கள் அதிகம் வருவார்கள். நானும் நெற்றியை வைத்தேன். முணுமுணுக்க வரவில்லை. கத்தினேன். எனக்குத் திட்ட வருவது வியட்நாமிய மொழியில்தான், சந்தையில் கற்றது. சேற்றைப் படிக்க வைத்துவிட்டு இப்போது சேலை விற்கச் சொல்கிறாயா என்று கேட்டேன்.

"மெதுவாடா. அவளுக்குக் காது கேக்கும்," என்றாள் அம்மா.

"கேட்டா இத்தனை நாளா என்ன செஞ்சாளாம்?"

பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற வியட்நாமிய அம்மாள் திரும்பினார். நான் படித்தது நிஜமாகவே சேறுதானா என்று விசாரித்தார். அவர் தம்பி பாங்காக்கில் ஒரு பொறியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராம். அந்த ஊரும் சேற்றில் புதைகிறதாம்.

"சேறு தெரிஞ்ச ஆளே கிடைக்கலன்னு அங்க புலம்புறாங்க. நீங்க ஏன் எழுதல?"

நாங்கள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலிலிருந்து சைகோன் வந்த குடும்பம். காரைக்கால்காரனுக்கு வெளிநாடு என்றால் பிரான்ஸ். பாங்காக் எங்களுக்கு விமானம் நின்று போகும் ஊர். பக்கத்து ஊரிலும் சேறு இருக்கும் என்பது படித்த மூளைக்குத் தோன்றவே இல்லை.

எழுதினேன். மழைக்காலம் முடியும் முன் இடம் கிடைத்தது, போர்க்காலத்தில் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியும் கிடைத்தது. ஓராண்டுக்கு மட்டும். அப்புறம் என்ன என்று தெரியாது. போர் நிற்கவில்லை. கோயிலை விட்டு வரமாட்டேன் என்கிறாள் அம்மா. இதைப் பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டேன், மாரியம்மன் கொடுத்தாள். என் தாயே, உனக்கு நன்றி.

நன்றி சொல்லத்தான் அந்த அம்மாளைத் தேடிப் போனேன். அதே சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தார். போர்முனைக்குப் போன மகனிடமிருந்து வெகு நாளாகத் தகவல் இல்லையாம். அந்த ஆடி வெள்ளியன்றும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாராம். என் காதில் விழவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதையும் அம்மனிடமே சொல்கிறேன். புறப்படும்வரை வெள்ளிதோறும் அவர் பக்கத்தில் நிற்கிறேன், வாயை மூடிக்கொண்டு.

வழியில்லாதவர்கள் அந்தச் சுவருக்கு வாருங்கள். கோபத்தோடு வந்தாலும் அவள் துரத்தமாட்டாள். வந்தால், அந்த அம்மாளின் பையன் பெயர் ஹுங். அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.