பூரணிப் பெரியம்மாவின் கை

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு பிள்ளை அடங்காமல் திரிந்தாலோ வாய்க்கு வாய் பேசினாலோ, "யாருடி உனக்குச் சேனை வச்சது?" என்று கேட்பார்கள். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுப்பதற்கு முன்னால் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பதுதான் சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் இந்தக் கேள்வி என் காதில் விழாத நாளில்லை. நான் சொல்லும் பதிலை யாரும் நம்புவதுமில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பாதியும் பெரியம்மா பாதியுமாக என்னிடம் சொன்னது இது.

பூரணி என் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஐம்பதாம் வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ டைபாய்டு என்னும் நெருப்புக் காய்ச்சல் வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி வருஷம்கூட முடியவில்லை. அந்தக் காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். அவளையும் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். கோயில் பூசாரி திருநீறு போட்டுவிட்டு வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினாராம். ஆனால் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள். கொட்டிய முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு சளி, தடிமன்கூட வந்ததில்லை. மாரியம்மனே தொட்டு எழுப்பியவள், அவள் கை ராசியான கை என்று லயமெல்லாம் பேச்சாகிவிட்டது.

கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போவதற்குத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக் காம்பரா உண்டு. அங்கே பூரணிதான் வேண்டும் என்று பெண்களே கங்காணியிடம் கேட்டு அவளை வைத்துக்கொண்டார்கள். பகலில் ஒரு பெரிய சட்டியில் சோற்றையும் பருப்பையும் போட்டுக் கையாலே பிசைந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து உருண்டை உருண்டையாக ஊட்டுவாள். பின்னேரம் தாய்மார் வந்து பிள்ளையைத் தூக்கும்போது நெற்றியில் திருநீறு இட்டு, விரலில் மிஞ்சியதை அதன் வாயில் போடுவாள். லயத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் சேனை வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! அந்தக் கையை அவள் ஒரு நகையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வாளாம்.

ஐம்பத்தேழில் மழை பிடித்துக்கொண்ட மாதம் மறுபடியும் காய்ச்சல் வந்தது. பிள்ளைகளுக்குத்தான் முதலில் வந்தது. ஒரு வீட்டில் விட்டால் அடுத்த வீட்டில் பிடித்தது. பிள்ளைகள் சுருண்டு படுத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் பிதற்றினார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். லயத்தில் அவருக்கு மருந்தய்யா என்று பெயர். தண்ணீரில்தான் கோளாறு என்று அவர் நினைத்தார். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயின் தொட்டியில் மருந்து கொட்டினார். கக்கூசுகளுக்குச் சுண்ணாம்பு போடவைத்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். "வெறகு யாரு அவங்க அப்பாவா குடுப்பாரு?" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஊசி போட வந்தபோது பிள்ளைகளைக் கொழுந்துக் கூடைக்குப் பின்னால் ஒளித்தார்கள். அந்தப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் ஊசி போடவைத்தது பெரியம்மாதான்.

காய்ச்சல் நிற்கவில்லை. பயம் கூடக்கூடத் தாய்மார் பெரியம்மாவிடம்தான் ஓடினார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், நன்றாக இருக்கும் பிள்ளையையும் கூடக் கூட்டிவந்து, "இதுக்கும் ஒரு சிட்டிக துன்னூறு போட்டு விடுக்கா" என்றார்கள். அவளும் போட்டாள். ராசம்மா தன் மகன் சின்னராசாவை மூன்று தடவை கொண்டுவந்தாள். அவனுக்கு மூன்று வயசு. நல்ல கொழுத்த பிள்ளை, பெரியம்மாவின் மடியை விட்டு இறங்கமாட்டான். கடைசியில் ஆஸ்பத்திரி லொறியில் ஏற்றினார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை.

அவன் போனதற்கு அடுத்த வாரம் மருந்தய்யா பிள்ளைக் காம்பராவின் படியில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மா சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"பூரணி, உனக்கு முந்தி இந்தக் காய்ச்சல் வந்ததோ?"

"வந்துச்சுங்க ஐயா. மாரியம்மாதான் காப்பாத்துனா."

பெருமையாகத்தான் சொன்னாள். அவர் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் மூடிபோட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையில் கக்கூசுக்குப் போகும்போது அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். "இந்தக் கண்றாவியக் கொழும்பு வரைக்கும் அனுப்புறாங்கடி!" என்று அவள் வந்து சொல்ல, நிறைமாதமாக இருந்த என் அம்மா அம்மாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அக்காளும் தங்கையும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பதில் வந்த அன்று மருந்தய்யா அவளை மருந்துக் காம்பராவுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காய்ச்சல் உன்னை விட்டுப் போகேல்லை, பூரணி. உனக்குள்ளேயே இருக்கு. உன்னை ஒண்டும் செய்யாது. உன்ரை கையால மற்றவைக்குப் போகுது."

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே ஐயா. நல்லாத்தானே இருக்கேன்?"

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

கிருமி வயிற்றில் குடியிருக்கிறது, கக்கூசுக்குப் போகும்போது வெளியே வருகிறது, கையில் ஒட்டுகிறது, சோற்றோடும் திருநீறோடும் போகிறது என்று பொறுமையாக விளக்கினார். அவள் வெறும் தண்ணீரில் கை அலம்புகிறவள்தான். அன்றைக்கு லயத்தில் யார்தான் கைக்குச் சோப்பு, சவுக்காரம் என்று போட்டார்கள்? பெரியம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"சின்னராசாவுமாங்க ஐயா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. தெரிஞ்சால் உன்னை உயிரோட விடமாட்டினம். நாளையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்குப் போகாதை. நாரி நோவு, இடுப்பு ஏலாதெண்டு சொல்லு."

சிவப்புச் சவுக்காரம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும் என்றார். அந்தப் 'போதும்' என்ற வார்த்தையைப் பெரியம்மா கடைசிவரை நம்பவில்லை. தோல் வெடிக்கும்வரை கழுவினாள். கழுவிவிட்டு முகர்ந்து பார்ப்பாள், மறுபடியும் கழுவுவாள். யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் நின்று காது கொடுப்பாள். இது பசிக்கு அழுகிறதா, காய்ச்சலுக்கு அழுகிறதா? யார் யாருக்கு ஊட்டினோம், யார் வாயில் திருநீறு போட்டோம் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகத்துக்கு வந்தது. ராசம்மா எதிரே வந்தால் தேயிலைக்குள் இறங்கிவிடுவாள். லயத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் என் அம்மாவின் வயிற்றைப் பார்க்கும்போது வந்தது.

அம்மாவுக்கு அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டு தடவையும் அம்மா, என் அப்பா வேலை செய்த தோட்டத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இருந்தாள். அக்கா கையால் சேனை வைக்காததால்தான் தங்கவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அதற்காகவே அப்பாவை நச்சரித்து இந்தத் தோட்டத்து வேலைப் பதிவுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு வந்தவள் அவள். இந்தத் தடவை பெரியம்மாவின் கை இல்லாவிட்டால் பிள்ளை செத்துவிடும் என்று அம்மா நம்பினாள். அந்தக் கை பட்டால் செத்துவிடும் என்று பெரியம்மாவுக்குத் தெரியும்.

நான் பிறந்தது ஒரு மழை நாளில். அம்மாவுக்கு வலி கண்டதும் பெரியம்மா கீரை பறிக்கப் போவதாகச் சொல்லி மலைக்கு ஓடிவிட்டாள். மேல்மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தவளை என் அப்பா வீரய்யா கண்டுபிடித்து, "ஏன் மதினி, உங்க தங்கச்சி உசுரு போற மாதிரி கத்துறா, நீங்க இங்க குந்தியிருக்கீங்க?" என்று ஏசிக்கொண்டே கூட்டிவந்தார்.

காம்பரா நிறையப் பெண்கள். வாசலில் ராசம்மா நின்றாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் உள்ளே வரக்கூடாதென்று அவளாகவே வெளியே நின்றுகொண்டாள். நான் பசியில் வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா பால் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வந்து வைக்கட்டும். அதுக்குப் பொறகுதான் பாலு."

"எனக்கு இடுப்பு முடியல அம்மாக்கண்ணு. வேற யாராச்சும் வைக்கட்டும்."

"வெரல்ல என்னக்கா இடுப்பு? எம் புள்ள சாகணும்னு நெனக்கிறியா?"

எழுந்திருக்க முடியாத அம்மா கையை எட்டிப் பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பெற்றுப்போட்ட உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! அந்த விரலைச் சீனித் தண்ணீரில் முக்கினாள். என் வாய்ப் பக்கம் இழுத்தாள். கத்திக்கொண்டிருந்த என் வாய் திறந்துதான் இருந்தது. விரல் என் உதட்டுக்கு வந்துவிட்டது. அப்போது பெரியம்மா அலறிக்கொண்டு கையைப் பிடுங்கியதில் கிண்ணம் கவிழ்ந்தது.

"வேணாண்டி! என் கையிலதான் காய்ச்சல் இருக்கு. மருந்தய்யா சொல்லிட்டாரு. இந்தக் கையால தின்னுதான் சின்னராசா செத்தான்!"

அம்மா சட்டென்று என்னை இழுத்து மாரோடு சேர்த்துக்கொண்டாள். சேனை இல்லாமலே பால் குடித்தேன். ஒவ்வொரு பெண்ணும் தன் பிள்ளையைத் தேடி வெளியே ஓடினாள். ராசம்மா மட்டும் வாசலிலேயே நின்றாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அன்று பின்னேரம் லயம் கூடிவிட்டது. பெரியம்மாவின் தண்ணீர்ப் பானையை உடைத்தார்கள். சாமானைத் தூக்கி மழையில் எறிந்தார்கள். மருந்தய்யா குடையோடு ஓடிவந்து, அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தோட்டத்தை விட்டே துரத்த வேண்டும் என்றார்கள். அப்போதுதான் ராசம்மா வாயைத் திறந்தாள்.

"தொரத்துனா எங்க போவா? போற எடத்துலயும் புள்ளைங்க இருக்கும், அவங்களுக்கு இவளப் பத்தித் தெரியாது. இங்கயே கெடக்கட்டும். நமக்குத் தெரியும், நாம பாத்துக்குவோம்."

அதில் இரக்கம் இருந்ததா என்று நான் ராசம்மாவைக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவள் பெரியம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதுமில்லை. ஆனால் அன்றைக்குத் துரத்தும் பேச்சு நின்றது. பெரியம்மாவைக் கடைசிக் காம்பராவில் வைத்து, புல்வெட்டு வேலைக்கு மாற்றினார்கள். அவளுக்குத் தனிக் கக்கூசு கட்டவைத்தார் மருந்தய்யா. பயத்தில் லயமே சவுக்காரம் வாங்கத் தொடங்கியது. சில மாதத்தில் காய்ச்சல் எங்கள் லயத்தை விட்டுப் போய்விட்டது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா தன் வாசலில் உட்கார்ந்திருப்பாள், நான் அவள் வாசலுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். கைகளைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டுதான் என்னோடு பேசுவாள். எவ்வளவு ஆசையாகப் பேசுவாள்! ஒரு நாளாவது தொட்டிருப்பாளா? எனக்குக் கோபம் கோபமாக வரும். ஏழு வயசில் ஒரு நாள் வீம்புக்கு வாய்க்காலைத் தாண்டி ஓடினேன். அவள் பிய்த்துவைத்திருந்த ரொட்டித் துண்டைத் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பெரியம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் தலைமுடியைப் பிடித்துப் பீலிக்கு இழுத்துப்போனாள். "துப்புடி! துப்பு!" என்று கத்தினாள். என்னை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு முதலில் தன் கையைத் தேய்தேயென்று தேய்த்தாள். பிறகு அந்தச் சிவப்புச் சவுக்காரம் பூசிய விரலை என் வாய்க்குள் விட்டு, நாக்கு, அண்ணம், ஈறு எல்லாவற்றையும் வழித்தாள். எனக்கு எரிந்தது. நான் கடித்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. அழுதுகொண்டே வழித்தாள். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

அந்த மாதம் முழுக்க விடிந்ததும் எங்கள் வாசலுக்கு எட்ட நின்று, "புள்ளைக்கு மேலு சுடுதா அம்மாக்கண்ணு?" என்று கேட்பாள். "இல்லக்கா" என்று அம்மா சொன்ன பிறகுதான் வேலைக்குப் போவாள். எனக்குக் காய்ச்சல் வரவேயில்லை. பெரியம்மா என்னை மறுபடி தொடவுமில்லை.

அதிலிருந்து யாராவது, "யாருடி உனக்குச் சேனை வச்சது?" என்று கேட்டால், பூரணிப் பெரியம்மா என்று சொல்வேன். பொய் சொல்லாதே, அவள்தான் வைக்கவில்லையே என்பார்கள். ஏழு வயசில் வைத்தாள், சவுக்காரத்தால் வைத்தாள் என்பேன்.