ஹில்க்காவின் கரண்டி

ஹில்க்கா நெவான்பெரா பின்லாந்தின் ஓவுலு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல்காரி. வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று தலைமையாசிரியரே சொன்னாலும், "அப்ப தண்ணி குடிங்க" என்பாள். அப்படிப்பட்ட வாய். வீட்டுக்குப் போனால் வேறு வேலை. பழைய கணினித் திரைகளில் வருமே, சதுரப் புள்ளிகளை அடுக்கிக் கட்டிய எழுத்துகள், அவற்றை வரைவாள். வரைந்த எழுத்துருக் கோப்பைப் படமாக்கிப் பார்க்கத் தானே ஒரு நிரலும் எழுதி வைத்திருந்தாள். கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் போதும், அத்தனை எழுத்தும் வரிசையாகப் படத்தில் வந்து விழும். அதற்குக் கரண்டி என்று பெயர். அள்ளிப் போடுகிற சாமானுக்கு ஒரு சமையல்காரி வேறென்ன பெயர் வைப்பாள்?

இணையத்தில் அதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள், அழுத்துவதற்கு ஒரு பொத்தானாவது வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். "கரண்டிக்கு எதுக்கய்யா பொத்தான்?" என்பாள் ஹில்க்கா, அதோடு சரி.

கோடையில் கணினிப் பைத்தியங்கள் ஒரு விளையாட்டரங்கில் கூடி நடத்தும் போட்டிக்குத் தன் எழுத்துருவை அனுப்பினாள். பல குளிர்காலங்கள் கண்ணைக் கொடுத்து வரைந்தது. பார்க்கக் கூடவே வந்தவள், அவளோடு சமையலறையில் வேலை செய்யும் மார்கெட்டா.

போட்டி நடத்தும் யூசோ என்ற இளைஞன் மைக்கைப் பிடித்தான். "அடுத்தது ஹில்க்கா நெவான்பெரா அனுப்புனது. அதை நிறுத்தி வெச்சிருக்கோம். ஏதோ பழைய மெஷின்லேர்ந்து சுட்ட மாதிரி இருக்கு. வரைஞ்ச படிகளும் கூட வரல."

அந்தப் போட்டியில், அரைகுறையாக இருந்தபோது எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சொந்தக் கையால் வரைந்ததற்கு அதுதான் சாட்சி. ஹில்க்கா விதிகளைப் படிக்கவே இல்லை, தப்பு அவள் மேல்தான். அதற்காகச் சபை நடுவே திருட்டுப் பட்டமா? பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"விட்டுத்தள்ளு, வா, காபி குடிக்கலாம்" என்றாள் மார்கெட்டா.

"நீ போய்க் குடி. நான் திருடியா இல்லையான்னு தெரிஞ்சாகணும்."

மேடைக்கு அருகே இருந்த யூசோவின் மேசைக்கு நேராகப் போய் நின்றாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒன்னு பண்ணலாம் ஹில்க்கா. போட்டியில சேர்க்காம சும்மா காட்சிக்கு வெச்சுடறோம். யாருக்கும் சங்கடமில்ல."

"எனக்கு சங்கடம். நகரு."

தன் மடிக்கணினியை அந்த மேசையில் வைத்துத் திறந்தாள். பழைய கோப்பு எதையும் அவள் அழித்ததில்லை. அத்தனையையும் கரண்டிக்குக் கொடுத்துக் கட்டளையை அடித்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

முதல் படம் கண்றாவி. K-க்குக் கால் முறிந்திருந்தது. R-க்குத் தொப்பை. "ஐயய்யே, இதையா வரைஞ்சே?" என்றாள் பின்னாலேயே வந்த மார்கெட்டா. ஹில்க்காவுக்கே கூசியது. இந்த அலங்கோலத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை. ஆனால் படத்துக்குப் படம் கால் நேரானது, தொப்பை வற்றியது. கடைசியில் போட்டிக்கு அனுப்பிய அதே எழுத்துகள் நின்றன.

யூசோ காதைச் சொறிந்தான். "நீங்கதான் வரைஞ்சிருக்கீங்க. மன்னிச்சுக்குங்க, சேர்த்துடறேன்."

"இங்க எதுக்கு சொல்றே? மைக்ல சொன்னதை மைக்லயே வாபஸ் வாங்கு."

"அடுத்த போட்டிக்கு நேரமாச்சு..."

"என்னைத் திருடின்னு சொல்ல நேரம் இருந்துச்சே."

அவன் மைக்கை எடுத்தான். "சரி, சொல்லிடறேன். கடைசிப் படத்தை மட்டும் காட்டட்டுமா? பழசைப் பார்த்தா சிரிப்பாங்க."

"முதல்லேர்ந்து காட்டு. சிரிக்கட்டும். நான் வரைஞ்சதைப் பார்த்துத்தானே சிரிப்பாங்க."

அத்தனை பேருக்கும் கேட்க யூசோ மன்னிப்புக் கேட்டான். பெரிய திரையில் அந்த நொண்டி K ஆளுயரத்துக்கு வந்து நின்றது. அரங்கமே சிரித்தது. நாற்காலிக்குத் திரும்பியிருந்த ஹில்க்கா எழுந்து நின்றாள், வரைந்தது யார் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. மார்கெட்டா கையைப் பிடித்து இழுத்தாள். படம் மாற மாறச் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படம் திரையை விட்டுப் போகும்வரை அவள் உட்காரவே இல்லை.