சித்தப்பா பார்த்துவிட்டு வந்த விடுதி

அக்காவுக்குச் சிங்கப்பூரில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த அன்று, அவள் அங்கே என்ன படிக்கப் போகிறாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கே படுத்துக்கொள்வாள் என்றுதான் கேட்டார்கள்.

முதலில் கேட்டது அம்மா. பிறகு பக்கத்து வீட்டு அத்தை, அதற்குப் பிறகு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்டார்கள். கடிதத்தோடு விடுதியைப் பற்றி ஒரு தாளும் வந்திருந்தது. பெண்களுக்குத் தனி வீடு, மேற்பார்வைக்கு ஒரு மேட்ரன், அறைக்கு இருவர், மூன்று வேளைச் சாப்பாடு. மொத்தம் நாலே வரி. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நாலு நாள் பேசினார்கள். குளிக்கிற இடம் வீட்டுக்குள்ளா, வெளியிலா? சமைக்கிறவன் யார்? கூட இருக்கும் பெண் எந்த ஊர்க்காரி? தாழ்ப்பாள் உள்பக்கம் உண்டா? கல்லூரியில் வாத்தியார்கள் எப்படி என்று விசாரித்தவர் ஒருவருமில்லை. எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஒன்பது வயதில் நானும் தாழ்ப்பாளைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

அக்காவுக்குப் பதினெட்டு. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எங்கள் வரிசைப் பையன்கள் யாரும் வாங்காத மார்க்கை வாங்கியிருந்தாள். ஆனால் அவள் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கல்லூரிக்கு அனுப்பும் பதிலில் அப்பா கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்குக் கெடுவும் வைத்திருந்தார்கள்.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் கிளார்க். ஊழியர்களுக்கு இலவசப் பயணப் பாஸ் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவர் அக்காவைப் போகக்கூடாது என்று சொல்லவே இல்லை. அம்மா அழுதபோதுகூட, பெண் படிக்கட்டுமே என்றார். பிறகு எல்லாரும் இருக்கும்போது ஒன்று சொன்னார்.

"பாடம் எங்க படிச்சாலும் பாடம்தான். தங்குற எடத்தத்தான் பார்க்கணும். யாராச்சும் நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டும், அப்புறம் முடிவு பண்ணுவோம்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அக்காவுக்கும் பட்டது. அலுவலகத்தில் லீவு இல்லை என்று அப்பா சொல்லிவிட்டதால் சித்தப்பா போவது என்று முடிவாயிற்று.

சித்தப்பா அப்பாவின் தம்பி. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். எங்களோடுதான் இருந்தார். சம்பளத்தன்று எனக்கு வேர்க்கடலை வாங்கி வருவார், அக்காவுக்குப் பென்சில் வாங்கி வருவார். அவர் மேல் எனக்கு உயிர். அக்கா ஒரு தாளில் பதினேழு கேள்விகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலுக்கு இடம் விட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா எழுதிக் கொடுத்த பாஸும் அதே பையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போய் அவரை ரயிலேற்றிவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். குளிக்கக்கூட இல்லை, கூடத்தில் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டு வீடே வெலவெலத்துப் போயிற்று. அறைக்கு இருவர் என்பதெல்லாம் பொய்யாம், ஆறு பெண்கள் பாய் போட்டு வரிசையாகப் படுக்கிறார்களாம். குளியலறை கொல்லையில் ஒரு தகரக் கொட்டகையாம், கதவுக்குப் பதில் கோணிச் சாக்காம். பையன்களின் விடுதி ஜன்னல் அதைப் பார்த்தே இருக்கிறதாம். மாட்டிறைச்சி கிண்டிய கரண்டியைக் கழுவாமல் பருப்பில் விடுகிறானாம் சமையற்காரன். மேட்ரன் சாயங்காலம் வெளியே போனால் எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாதாம்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு அத்தை, தன் பெண்ணுக்கு மார்க் வராததற்காக அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறேன்.  அப்படியொரு இடத்துக்கா அக்காவை அனுப்பப் பார்த்தோம் என்று நினைத்து நடுங்கினேன்.

அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "மேட்ரனப் பாத்துப் பேசுனீங்களா சித்தப்பா?"

பார்த்ததாகவும், அந்த அம்மாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். பதினேழு கேள்விகள் எழுதிய தாள் ரயிலில் எங்கோ விழுந்துவிட்டதாம்.

அப்பா பெருமூச்சு விட்டார். இவ்வளவு கேட்ட பிறகு எந்தத் தகப்பன் அனுப்புவான் என்று அம்மாவிடம் சொன்னார். அக்காவும் அதற்கு எதிர்வார்த்தை சொல்லவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரிடம் என்ன வாதாடுவது? வரமுடியவில்லை என்று கல்லூரிக்குக் கடிதம் எழுத வேண்டும். வீட்டில் நல்ல இங்கிலீஷ் அவளுடையதுதான் என்பதால் அவளே அதை எழுதினாள். தங்குமிடம் திருப்தியாக இல்லாத காரணத்தால் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதி, நல்ல பிரதி எடுத்து, மறுநாள் அவர் கையெழுத்துப் போடுவதற்காக எடுத்து வைத்தாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள்தான் வேலை. அன்று அவர் பாஸ் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வருவார். பாஸைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் அடிக்கட்டை நிற்கும். யாருக்கு, எங்கிருந்து எங்கே என்று அதிலும் எழுதியிருக்கும். அடிக்கட்டைகளின் எண் வரிசை தவறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். அப்பா எனக்கு அதைக் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்வார், நான் கீழே உட்கார்ந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போவேன். எண்களைத் தவிர வேறெதையும் நான் பார்ப்பதில்லை. அன்றைக்கு என்னவோ பெயர்களையும் படித்துக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா பெயர் வந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி. கோலாலம்பூரிலிருந்து சிரம்பான், போக வர.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரம்பான் எங்கே, சிங்கப்பூர் எங்கே? காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சிரம்பான் வந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்டேஷன் தாண்டி, கடல் தாண்டிப் போக வேண்டும். என் சித்தப்பா, எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருகிற சித்தப்பா, போகாத ஊரைப் போய்ப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். கோணிச் சாக்கும் பொய், கரண்டியும் பொய். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு விவரமாகச் சொல்வார்கள் என்று தெரியாது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அக்கா படித்தாள். மறுபடி படித்தாள். அவள் முகம் மலர்ந்த வேகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"அவரு போகவே இல்லடி. அப்ப அந்த எடம் அப்படி இல்ல. வா, அப்பாகிட்ட சொல்லலாம்."

வாசற்படி வரைக்கும் போனவள் நின்றுவிட்டாள். புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு எழுதுனது?" என்று கேட்டாள்.

"அப்பாதான். அப்பாவத் தவிர வேற யாரு இதுல எழுதுவா?" என்றேன் பெருமையாக.

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. சித்தப்பாவுக்கு அப்பா நல்ல உதை கொடுப்பார், இல்லையா என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவள் உள்ளே போய் தான் எழுதி வைத்த கடிதத்தை எடுத்து வந்தாள். புத்தகத்தை அதே பக்கத்தில் விரித்து, அதன் மேல் கடிதத்தை வைத்து, சித்தப்பாவின் பெயரும் ஊரும் மறையாதபடி ஓரமாக நகர்த்தி, எழுத்துப் பலகையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றாள்.

அப்பா கண் விழித்தார். பேனாவை எடுத்தவர் அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"நம்பர் எல்லாம் சரியா இருக்குப்பா. தங்கச்சி பாத்துட்டா. கையெழுத்துப் போடுங்க" என்றாள் அக்கா.

அவர் சத்தம் போடுவார், சித்தப்பாவைக் கூப்பிடுவார், கடிதத்தைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். பேனா முனை தாளில் பட்டபடி நின்றது. மை ஊறிப் பெரிய பொட்டாகப் பரவியது. அதன் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். வேறு தாளில் எழுதித் தருகிறாயா என்று முணுமுணுத்தார். இதுவே போதும் என்று அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சித்தப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் வாங்கி வந்த கடலையை வாசலில் கொட்டினேன். அவர் அதைக் குனிந்து பொறுக்கினார், என்னைத் திட்டவில்லை. வருஷக்கணக்கில் அவரை மன்னிக்காமல் இருந்தேன்.

பெண்ணைப் படிக்கப் போகவேண்டாம் என்று நேராகச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அதை ஒரு குளியலறைக் கதவு சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் வீட்டாரிடம் பொய் சொல்லத் துணிந்த மனிதருக்கு, சிரம்பானுக்குப் போகிறவனைச் சிங்கப்பூருக்கு என்று ரயில்வே புத்தகத்தில் எழுதக் கை வரவில்லை. இதெல்லாம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

அன்று படுக்கப் போகும்போது, ஏன் அக்கா சித்தப்பாவை மாட்டிவிடவில்லை என்று கேட்டேன். அவள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீ காலேஜுக்குப் போறப்ப, நீ தங்குற எடத்த நானே போய்ப் பாக்குறேன். வேற யாரையும் அனுப்ப விடமாட்டேன்" என்றாள்.

அவள் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காக நல்ல கட்டிலாகப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலோரமாகப் பார் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனேன்.